ஓடித்தான் பழக வேண்டும்

"நல்லா ஓடப் பழகின பிறகு வாறேன்" என்று தோழியர் சிலர் சொல்வதுண்டு. நீந்தத் தெரிந்த பிறகே தண்ணீரில் இறங்குவேன் என்பது போன்ற பேச்சு இது. நெடுந்தூர ஓட்டத்தை ஓடித்தான் கற்க முடியும் என்பது என் கருத்து.

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது மட்டும் நம்மில் பலர் மைதானத்தில் இறங்குகிறோம். முதல் நாளே முழு வேகத்தில் ஓடி, மூச்சு வாங்க உட்கார்ந்து, "எனக்கு இது சரிவராது" என்று முடிவு கட்டுகிறோம். மெதுவாகத் தொடங்கினால் அந்த முடிவுக்கு அவசியமே இராது. ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை; இப்படி 20 நிமிடங்கள், வாரத்தில் மூன்று நாட்கள். நான் தொடங்கியது இப்படித்தான். பக்கத்தில் வருபவளோடு பேசிக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி. பேச்சு திணறினால் குறைக்க வேண்டும். இந்த அளவை என் மூச்சுத்தான் எனக்குக் கற்றுத் தந்தது. மூச்சு பழகும் வேகத்தில் எலும்பும் தசைநாணும் பழகுவதில்லை. ஆகவே ஓய்வு நாளும் பயிற்சியின் பகுதியே.

எத்தியோப்பியாவில் பிறந்து, நெதர்லாந்தில் அகதியாகக் குடியேறியவர் சிபான் ஹசன். 2023 இல் இலண்டனில் முதன்முதலாக மரதன் ஓடினார். அதற்கான பயிற்சியில் ஒரு பகுதியை ரமழானில் நோன்பிருந்தபடியே செய்திருந்தார். 42.195 கிலோமீற்றரில் இடைநடுவே இடுப்பு வலிக்க, நின்று உடலை வளைத்துத் தளர்த்திவிட்டு, மீண்டும் ஓடி முதலிடம் பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 2 மணி 22 நிமிடம் 55 செக்கனில் தங்கம் வென்றார். அவரும் மரதனை ஓடியே கற்றார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் முதலில் நிறுத்தப்படுவது மகளின் விளையாட்டுத்தான். டியூஷன் வகுப்புகளுக்கிடையே அரை மணி நேரம் கொடுங்கள். உம்மாமாரும் கூட வரலாம்; இரண்டு நிமிட நடை அவர்களுக்கும் நல்லதே.

பாடசாலையிடமும் ஒரு வேண்டுகோள். பயிற்சி, போட்டிக்குத் தெரிவானவர்களுக்கு மட்டும் என்றிருந்தால் மற்றவர்கள் எப்போது பழகுவது? வாரத்தில் இரண்டு நாட்களாவது, பாடசாலை முடிந்தபின் மைதானத்தை எல்லா மாணவியருக்கும் திறந்து விடுங்கள். நேரம் பார்க்கவும் வேண்டாம், இடம் போடவும் வேண்டாம். ஓட விரும்புபவள் ஓடட்டும்.