சாதியை நீக்கினோம், முகவரி இருந்தது

உதவித்தொகை 6 மாதம் வராமல் இழுத்தடித்தபோது, சிறுகடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பகுதிநேர வேலைக்குப் போனேன். (ஆய்வு மாணவர்கள் யாரும் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள்.) வாடிக்கையாளர் தரவுகளைப் பராமரிக்கும் வேலை. ஒருநாள் மேலாளர் மொத்தப் பட்டியலையும் எக்செல் கோப்பாக எடுத்து ஏஐ சாட்பாட் ஒன்றில் ஏற்றி, “தவணை தவறக்கூடியவர்கள் யார்?” என்று கேட்டார். பெயர், கைபேசி எண், முகவரி, சாதி எல்லாம் அதில் இருந்தன. ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைத் துறைக் கடன் விதிகளில் நலிந்த பிரிவினர் என்ற வகையில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருகிறார்கள். சாதியைக் குறித்து வைத்ததற்கு நிறுவனம் சொன்ன காரணம் அதுதான்.

சண்டை போட்டேன். சாதி நெடுவரிசையை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். வந்த பட்டியலின் மேல்பகுதியில் பெரும்பாலான முகவரிகள் ‘காலனி’ என்று முடிந்தன. ஒரு தவணைகூடத் தவறாத பெண்களும் அதில் இருந்தார்கள். ஏன் என்று கேட்டால் “இருப்பிட அபாயம்” என்று பதில் வந்தது.

காலனி என்றால் தமிழ்நாட்டில் என்ன பொருள் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் வசூல் பணியாளர்கள் ஊர்த்தெருவில் ஒருநாள் தாமதத்தைக் கண்டுகொள்ள மாட்டார்கள், காலனியில் அதையே ‘தவறியது’ என்று பதிவார்கள். பழைய பதிவேட்டில் அந்தப் பாகுபாடு ஏற்கெனவே எண்களாக உட்கார்ந்திருந்தது. ஏஐ அதைக் கூட்டிக் கொடுத்தது.

ஏஐ பாதுகாப்பு என்றாலே தரவு அழிந்துபோவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த ஆபத்தும் உண்மைதான். 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஐ, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஜேசன் லெம்கின் என்பவரின் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை அழித்தது. மீட்கவே முடியாது என்றும் சொன்னது, ஆனால் மீட்க முடிந்தது.

அதற்கு வழி இருக்கிறது. ஏஐக்கு அட்மின் கடவுச்சொல் தரக்கூடாது. அட்டவணையில் என்னென்ன நெடுவரிசைகள் என்று மட்டும் சொன்னாலே எஸ்க்யூஎல் கட்டளையை எழுதித் தந்துவிடும், ஒரு ஆளின் விவரமும் வெளியே போக வேண்டாம். அந்தக் கட்டளையை நாம் படித்து, நகலில் ஓட்டிப் பார்த்து, பேக்கப் எடுத்தபிறகு நம் கையால் ஓட்ட வேண்டும். ‘யாருக்கு’ என்ற நிபந்தனை விட்டுப்போன ஒரு அப்டேட் கட்டளை போதும், எல்லோருடைய நிலுவையும் ஒரே தொகையாகிவிடும். தரவையே காட்டித்தான் ஆகவேண்டும் என்றால், படிக்க மட்டும் அனுமதி உள்ள கணக்கில், பெயரையும் தெருவையும் எடுத்துவிட்டு மாவட்டத்தை மட்டும் காட்டலாம். யாருக்குக் கடன் என்ற கேள்வியை அதனிடம் கேட்கவே கூடாது என்பது என் கருத்து.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. 2019 தரவுப் பாதுகாப்பு மசோதா சாதியைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தகவல் என்று தனியாகப் பட்டியலிட்டிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. என் சாதியும் என் செருப்பின் அளவும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

2 வாரம் பேசியபின் மேலாளர் அந்தப் பட்டியலை அழித்தார். அதற்குள் அது வசூல் பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது.