ஒரு மெட்டு, மூன்று பாடங்கள்

லிட்டில் இந்தியாவில் கச்சேரி கேட்கும்போது வயலின் நம் இசைக்கருவியாகவே தோன்றும். ஆனால், அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர். 1835இல் மறைந்த அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரோ, பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டுக்குச் சமஸ்கிருதப் பாடல் இயற்றினார்.

இவரை இசை வகுப்பில் மட்டும் கற்பிப்பது போதாது என்பது என் கருத்து. ஆங்கிலேய மெட்டு சென்னைக்கு வந்த காரணத்தை வரலாற்று வகுப்பு விளக்கலாம். 8 எண்ணிக்கை கொண்ட ஆதி தாளமும் 6 எண்ணிக்கை கொண்ட ரூபக தாளமும் ஒன்றாகத் தொடங்கினால், 24இல் ஒன்றாக முடியும். இது கணிதம்.

பாடச்சுமை கூடுமே எனச் சிலர் அஞ்சலாம். புதிய பாடம் தேவையில்லை. ஆசிரியர்கள் கலந்து திட்டமிட்டால் போதும். பிறர் மெட்டை ஏற்றுக்கொண்டும் தம் இசையை இழக்காதவரின் கதை, பல பண்பாடுகளுக்கிடையே வளரும் நம் மாணவர்களுக்கு அவசியம்.