வெட்டுமாதிரியும் நூலே

‘நூல்’ என்பது பலபொருள் ஒருசொல். பஞ்சிலிருந்து நூற்கப்படுவதும் நூல். புலவனாற் செய்யப்படுவதும் நூல். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டியவர் பவணந்தி முனிவர். சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் மதியைக் கதிராகவும் அவர் உருவகித்தார். நன்னூலின் இப்பகுதியை முப்பதாண்டுக்கு அணித்தாக நான் கற்பித்து வருகின்றேன். அது அழகியதோர் உருவகம், அவ்வளவே என்று எண்ணியிருந்தேன். சென்ற மார்கழியில் ஒரு மேற்சட்டை அவ்வெண்ணத்தை மாற்றியது.

என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருத்தி, இப்பொழுது ரொறன்ரோவில் வாழ்பவள், விடுமுறைக்கு ஊர் வந்தவிடத்து என்னையும் காண வந்தாள். குளிர்நாட்டுக்குரிய மேற்சட்டை ஒன்று அவள் கையில் இருந்தது. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சுப்படை வைத்து, குறுக்கும் மறுக்குமாகத் தையலோட்டி, விளிம்பெல்லாம் பட்டி கட்டியது. தானே வீட்டில் தைத்ததாகச் சொன்னாள்.

“கடையில் வாங்கினால் இதனிலும் மலிவாக இருக்குமே, பிள்ளை?” என்றேன்.

“மலிவுதான், ஐயா. ஆனால் எனக்கு ஒரு தோள் இறக்கம். கடைச்சட்டை அந்தப் பக்கம் எப்பவும் வழிஞ்சுபோகும்.”

பின்னும் ஒன்று சொன்னாள். வெளிநாடு செல்லுமுன், போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் நம் பகுதியில் எழுந்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் அவள் வேலை செய்தவள். “மூன்று வருஷம் கொலர் மட்டுந்தான் தைச்சனான், ஐயா. முழுச்சட்டை ஒருநாளும் தைச்சதில்லை. இதுதான் முதற் சட்டை.”

அந்தச் சட்டைக்கு வழிகாட்டியது, சிக்காகோவிலே தொடங்கப்பெற்ற கிரெயின்லைன் ஸ்ரூடியோ என்னும் சிறு நிறுவனத்தின் வெட்டுமாதிரி. ‘கிரெயின்லைன்’ என்பதற்கு இழையோட்டக் கோடு என்பது பொருள். சட்டைக்கு இட்ட பெயர் ‘தமராக்’; அது வடஅமெரிக்கக் காட்டு மரம் ஒன்றின் பெயர். பெருங் கம்பனிகளைச் சாராத தனிக்கலைஞர் தாமே வரைந்து, தாமே செய்முறை எழுதி, இணையவழியே விற்கும் வெட்டுமாதிரிகள் இவ்வகையின. வாங்குவோர் கோப்பை இறக்கி, வீட்டு அச்சுப்பொறியில் ஏ4 தாள்களாக அச்சிட்டு, ஒட்டி, வெட்டிக்கொள்வர்.

அவள் அத்தாளை என் மேசைமீது விரித்தாள். கோடுகள், அம்புக்குறிகள், முக்கோணங்கள், புள்ளிகள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வகுப்பிலே பாயிரச் சூத்திரத்தை ஒப்பிக்க மாட்டாது நின்ற பிள்ளை அவள். அன்று அவள் சொல்ல நான் கேட்டேன். கேட்கக் கேட்க, எனக்குத் தெரிந்ததொன்றையே அவள் வேறு மொழியிற் சொல்கின்றாள் என்பது புலனாயிற்று.

சிறப்புப் பாயிரத்தின் இலக்கணம் யாது? ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் உணர்த்துவது. அவ்வெட்டும் அந்த வெட்டுமாதிரியின் முகப்பிலும் அடுத்த பக்கங்களிலும் உள்ளன. வரைந்தவர் பெயர் ஆக்கியோன் பெயர். புதுவரைவா, முன்னையதன் திருத்தமா என்பது வழி. மிகச்சிறிய அளவு முதல் மிகப்பெரிய அளவு வரை வகுத்திருப்பது எல்லை. ‘தமராக்’ என்பது நூற்பெயர். துண்டுகள் எவை, எந்த முறையில் இணைவன என்பது யாப்பு. மேற்சட்டை நுதலிய பொருள். இது தொடக்கநிலையினர்க்கா, கைபழகினார்க்கா என்பது கேட்போர். குளிர் காத்தல் பயன். பவணந்தியாரை அறியாத ஒருவர், தமது ஆக்கம் பிறர் கையிற் பிழையின்றிச் சேரல் வேண்டும் என்று கருதிய மாத்திரத்தில், அவர் வகுத்த வழியிலேயே வந்து நிற்கின்றார். ஆதலின் வெட்டுமாதிரியும் ஒரு நூலே என்பது என் துணிபு.

இந்நூலுக்கு நெடிய வரலாறும் உண்டு. ஸ்பானிய தேசத்துத் தையற்காரர் ஹுவான் தே அல்சேகா, துணி வீணாகாது வெட்டும் முறைகளை வரைந்து 1580 இல் மட்றிட்டிலே புத்தகமாக வெளியிட்டார். ஆயினும் அது தொழில் வல்லார்க்கே பயன்பட்டது. அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துத் தையற்காரர் எபனேசர் பட்டரிக், 1863 இல் வெவ்வேறு உடலளவுகளுக்கேற்ற காகித வெட்டுமாதிரிகளை விற்கத் தொடங்கினார். சிங்கர் தமது தையல் யந்திரத்துக்கு உரிமை பெற்றது 1851 இல். யந்திரமும் வெட்டுமாதிரியும் கூடியபோது, தையற்காரரின் மறைபொருளாயிருந்த வெட்டுங்கலை வீட்டுப் பெண்களின் கைக்கு வந்தது. ஓதுவார் சிலரிடம் இருந்த ஏடு அச்சேறி எல்லார்க்கும் கிட்டியது போன்ற நிகழ்ச்சி இது. இன்றைய தனிக்கலைஞர் அந்த மரபின் கடைசிக் கண்ணி.

இனி, இந்நூலைப் படிப்பது எளிதா? எளிதன்று. தாளின் ஒரு மூலையிற் சிறு சதுரம் ஒன்று இருக்கும். அச்சிட்டவுடன் அதனை அடிமட்டத்தால் அளத்தல் வேண்டும். அச்சுப்பொறி நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கிவிட்டால், 40 அங்குல மார்புச் சுற்றில் ஓரங்குலத்துக்கு மேற் குறைந்துபோம். பாடபேதம் பார்த்தே உரைசெய்தல் வேண்டும் என்னும் பதிப்பாசிரியர் விதி இங்கும் உண்டு. அம்புக்குறி இழையோட்டத்தைக் காட்டுவது. துணியின் கரைக்கு இணையாக அது கிடத்தல் வேண்டும். சாய்ந்தால், தைத்த சட்டை உடம்பிலே முறுகும். விளிம்பிலுள்ள முக்கோணங்கள் எத்துண்டு எத்துண்டோடு புணரும் என்பதைக் காட்டும். நாம் புணரியல் படிப்பித்தோம். அவள் புணர்ச்சியைக் கையாற் செய்து காட்டினாள்.

கைத்துண்டின் மேல்வளைவை அளந்தால், அது பொருந்தவேண்டிய தோள்வளைவிலும் சற்று நீண்டிருக்கும். பிழைபோலத் தோன்றும் இது பிழையன்று. துணி தட்டையானது, தோள் உருண்டையானது. மிகுந்த நீளத்தைச் சுருக்கு விழாமல் அமுக்கித் தைத்தால், தட்டை உருண்டையாகும். உடம்புக்கு அமைந்த பை என்னுங் கருத்தில் ‘மெய்ப்பை’ என்று நம் முன்னோர் இட்ட பெயரின் பொருத்தத்தை அப்பொழுதே உணர்ந்தேன். முல்லைப்பாட்டிலே யவனர் அணிந்ததாகச் சொல்லப்படும் உடை அது. பிற நாட்டார் உடைக்குத் தமிழ் தயங்காது பெயர் தந்திருக்கின்றது.

பிறர் வரைந்த கோட்டின்மேற் கத்தரிப்பது வெறும் போலச்செய்தல் அன்றோ என்பார் உளர். அவர்க்கும் நன்னூலிலேயே விடை உண்டு. முதனூலின் முடிபோடு ஒத்து, பின்னவன் வேண்டும் வேறுபாட்டையும் உடன் கொண்டு, மரபு அழியாது வருவது வழிநூல். இம்மாணவி நல்ல துணியில் உடனே கத்தரி வைக்கவில்லை. மலிவுத் துணியில் ஒன்று தைத்து வெள்ளோட்டம் பார்த்தாள். இறங்கிய தோளின் பக்கம் கோட்டை அரை அங்குலம் தாழ்த்தினாள். தாழ்த்தியதற்கேற்பக் கைவளைவையும் தாழ்த்தினாள். ஒன்றை மாற்றினால் அதனோடு புணர்வதையும் மாற்றல் வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. போலச்செய்வோனுக்கு இது தெரியாது. மூலத்தை விளங்கிக்கொண்டவனே மாற்ற வல்லவன்.

இங்கே நம் நாட்டின் நிலையையும் சொல்லாது விடலாகாது. 1978 இற் கட்டுநாயக்க வலயம் தொடங்கிய காலந்தொட்டு ஆடைத்தொழில் வளர்ந்து, இலங்கையின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் பெற்றது. அதிற் பெரும்பங்கு உழைப்பு பெண்களுடையது. ஆனால் அங்கே ஒரு சட்டை பல சிறு செயல்களாகப் பிரிக்கப்படும். ஒருத்தி கொலர் தைப்பாள்; ஒருத்தி பை வைப்பாள்; ஒருத்தி தெறி பதிப்பாள். வெட்டுமாதிரி அவர்கள் கண்ணிற் படுவதில்லை. ஒரே எழுத்தை நாள்முழுதும் எழுதுகின்ற ஒருவனை எழுத்தறிந்தவன் என்போமா? குறை அப்பெண்களிடத்து இல்லை. உலகுக்கு உடுத்தும் கைகளுக்கு ஓர் உடையை முழுதாகப் படிக்கத் தராத முறையிலேயே குறை. அவள் “இதுதான் முதற் சட்டை” என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த பெருமிதத்தின் காரணம் இதுவே.

பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நான் எவரையும் அழைக்கவில்லை. துணி, பஞ்சுப்படை, நூல், வெட்டுமாதிரி ஆகியவற்றின் விலையோடு பல நாள் உழைப்பையும் கூட்டினால் கடைச்சட்டையே மலிவு. ஆனால் கடையில் வாங்குவது சட்டை மட்டுமே. தைப்பவள் பெறுவது சட்டையும் அறிவும்.

வெட்டுமாதிரி நூலென்றால் அதற்கு ஆக்கியோன் உண்டு. அவனுக்கு உரிமையும் உண்டு. ஒருவர் விலைகொடுத்துப் பெற்ற கோப்பைப் பத்துப் பேர் விலையின்றிக் கைமாற்றுவது இன்று வழக்கமாகி வருகின்றது. பெருங் கம்பனிக்கு அது சிறு நட்டமாகலாம். தனியொருவராகத் தம் வீட்டிலிருந்து வரைபவர்க்கோ அது அடுத்த வரைவுக்கான வாழ்வு. ஆக்கியோன் பெயரைப் பாயிரத்தில் முதலாவதாக வைத்த மரபினர் நாம். பெயரை மறைப்பதும் பயனைக் கவர்வதும் நமக்கு அழகல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கவலை. அவள் அந்த வெட்டுமாதிரியை ஆங்கிலத்திலேயே படித்தாள். தமிழிலே தையற்கலை நூல்கள் உண்டு. அவை பெரும்பாலும் அளவெடுத்து வரையும் விதிகளைக் கூறுவன. ஒருவர் தனியே வீட்டில் இருந்து படி படியாகத் தொடர்ந்து செய்தற்குரிய முழுமையான வெட்டுமாதிரி தமிழில் அரிது. சொல் இல்லாமையா காரணம்? அன்று. பாவு, ஊடை, கரை, பட்டி, சுருக்கு, கொசுவம், தெறி, மூட்டுதல், ஓட்டுத்தையல் என்று தையற்காரர் நாவிலே சொற்கள் நிரம்பிக் கிடக்கின்றன. புகார் நகரத்துத் தொழிலாளருள் துன்னகாரரையும் எண்ணியது சிலப்பதிகாரம். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். சங்கப் புலவருள் ஒருவர். துணிக்கும் அறுவைக்கும் வெட்டப்படுவது என்பதே பெயர்க்காரணம். இவற்றை வகுப்பிலே விளக்கிய நாம், வெட்டுகின்றவரிடம் ஒருநாளும் சென்றதில்லை. சென்று கேட்காத குற்றம் என்னைப்போன்ற பண்டிதர்களுடையது.

ஆதலின் ஒன்று சொல்வேன். பாடசாலையிலே மனைப்பொருளியல் ஆசிரியையும் தமிழாசிரியரும் ஒரு மேசையில் அமர்தல் வேண்டும். ஊர்த் தையற்காரரையும் உடன் அழைத்தல் வேண்டும். முதலில் ஒரு குழந்தைச் சட்டைக்கு, பின்னர் நுவரெலியாக் குளிருக்கேற்ற ஒரு மேற்சட்டைக்குத் தமிழில் வெட்டுமாதிரி செய்தல் வேண்டும். மாணவர் அதைப் பார்த்துத் தைக்கட்டும். எந்த இடத்திற் கை தடுமாறுகின்றதோ அந்த இடத்தில் வசனம் பிழை. குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் குற்றமென்று நாம் மனப்பாடம் செய்வித்தோம். அக்குற்றங்களைத் துணி ஒளிக்காது காட்டிக்கொடுக்கும். உரைநடை பயிற்றுதற்கு இதனிலும் நேர்மையான திருத்துநரை நான் கண்டதில்லை.

அம்மாணவி புறப்படும்போது அத்தாளின் படி ஒன்றைக் கேட்டேன். “வாங்கித் தாறன், ஐயா. படி எடுக்கக் கூடாது” என்றாள். நன்னூல் அவளுக்கு விளங்கியிருக்கின்றது. அன்று ஒப்பிக்கவில்லை என்பதற்காக நான் குறைத்த புள்ளிகளை இன்று எந்தக் கணக்கிற் சேர்ப்பது?