துடியான பிள்ளைகளும் மாத்திரையும்

சில நாட்களுக்கு முன் நம்மைக் காண வந்த ஒரு தோழர் தமது ஒன்பது வயது மகனைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பையன் வகுப்பில் ஒரு நிமிஷம் உட்காருவதில்லையாம். கேள்வி முடியும் முன்னே பதில் சொல்லுகிறானாம். பென்சிலும் புத்தகமும் தினம் ஒன்றாகத் தொலைகின்றனவாம். வாத்தியார் அடித்துப் பார்த்தார். பாட்டியம்மாள் வேப்பிலை அடித்துப் பார்த்தார். கோடாங்கி வந்து, "காற்றுச் சேஷ்டை" என்று சொல்லி, ஒரு கோழியையும் முந்நூறு ரூபாயையும் வாங்கிக்கொண்டு, ஒரு தாயத்தைக் கட்டிவிட்டுப் போனாராம். கடைசியாக ஒரு டாக்டர் பார்த்து, இது ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவுக் கோளாறு என்று சொல்லி, மெத்தில்பெனிடேட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் பையன் கணக்குப் போட உட்கார்ந்தான்.

அதற்குப் பின் நடந்ததுதான் நாம் இதை எழுதக் காரணம். குணம் தெரிந்ததும் தோழர் எட்டு மாதம் டாக்டர் பக்கமே போகவில்லை. பழைய சீட்டைக் காட்டியே எப்படியோ மாத்திரை வாங்கிக் கொடுத்து வந்திருக்கிறார். பையன் மத்தியானச் சோற்றைத் தொடுவதில்லை. கழுத்தெலும்பு தெரிய இளைத்தான். இரவு பன்னிரண்டு மணிக்கும் கொட்டக்கொட்ட விழித்திருந்தான். உடனே உறவினர்கள் கூடி, "இங்கிலீஷ் மருந்து பிள்ளையைத் தின்கிறது" என்று தீர்ப்புச் சொல்ல, தோழர் மாத்திரையைச் சாக்கடையில் எறிந்துவிட்டார். மறுபடியும் கோடாங்கியை அழைக்கலாமா என்று வீட்டில் யோசனை நடக்கிறதாம்!

இதில் மருந்தின் குற்றம் என்ன என்று கேட்கின்றோம். தாயத்தைக் கட்டினவுடன் எப்படிச் சும்மா இருந்தாரோ, அப்படியே மாத்திரையைக் கொடுத்தவுடனும் சும்மா இருந்துவிட்டார். தாயத்து ஒன்றும் செய்யாது. ஆதலால் அதைக் கவனிக்க வேண்டியதில்லை. மாத்திரையோ வேலை செய்கின்ற வஸ்து. ஆதலாலேயே அதைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

"துள்ளுகிற பிள்ளைக்குத் துடிப்பூட்டும் மருந்தா?" என்று சிலர் பரிகாசம் செய்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாகாணத்தில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், ஒரு பரிசோதனைக்குப் பின் பிள்ளைகளுக்கு உண்டான தலைவலியைத் தீர்க்கலாமென்று எண்ணிப் பென்சிடிரின் என்ற ஊக்கமருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 30 பிள்ளைகளில் 14 பேர் பாடத்தில் ஆச்சரியப்படும்படி முன்னேறினார்கள். அவர் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறு, கண்டதையே எழுதிவைத்தார். மெத்தில்பெனிடேட்டோ 1944இல் சுவிட்சர்லாந்தில் உண்டாக்கப்பட்டது. மூளையில் கவனத்தையும் அடக்கத்தையும் நடத்துகின்ற டோபமின், நார்அட்ரினலின் என்னும் வஸ்துக்கள் இம்மருந்தினால் கூடுதலாக வேலை செய்கின்றன. வண்டிமாட்டை விரட்டுகிற சாட்டையல்ல இது. வண்டிக்காரனைத் தட்டி எழுப்புகிற கை என்று சொல்லலாம்.

ஆனால் துள்ளுகிற பிள்ளைகளுக்கெல்லாம் இந்த மருந்து வேண்டுமென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும், ஆறு மாதத்திற்குக் குறையாமல், படிப்பையும் பழக்கத்தையும் கெடுக்கும்படி இருந்தால்தான் இக்கோளாறு என்று சொல்லுவது. காது மந்தமாயிருந்தாலும், கண் தெரியாவிட்டாலும், தூக்கம் போதாவிட்டாலும், வாத்தியார் பாடம் நடத்தாவிட்டாலுங்கூடப் பிள்ளை கவனிக்காதுதான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலில் வேண்டியது மாத்திரையல்ல; தாய்தகப்பன்மாருக்குப் பிள்ளையை நடத்தும் முறையில் பயிற்சி.

மருந்து ஆரம்பிக்கும் முன் டாக்டர் கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்ல வேண்டிய சங்கதிகள் உண்டு: பிள்ளைக்கு இருதயக் கோளாறு இருக்கிறதா, ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா, குடும்பத்தில் சிறு வயதில் திடீரென்று மாண்டவர்கள் உண்டா என்பவை. "வீட்டுச் சாவைப் பற்றி வெளியில் பேசக் கூடாது" என்ற சாத்திரமெல்லாம் இங்கு உதவாது.

குறைந்த அளவில் தொடங்கி மெள்ள ஏற்றுவதே முறை. பசி மங்குவதும் தூக்கம் தள்ளிப்போவதும் அடிக்கடி காண்பவை. ஆகவே காலையில் வயிறாரச் சாப்பிட்டபின் மாத்திரை கொடுத்து, மருந்தின் வேகம் தணிந்து பசி எடுக்கும் இராத்திரியில் நன்றாய்ச் சோறு போட வேண்டும். சாதாரண மாத்திரை ஏறக்குறைய நாலு மணி நேரந்தான் வேலை செய்யும். பொழுது சாயக் கொடுத்தால் தூக்கம் கெடும். நாள் முழுதும் வேலை செய்யும்படி செய்த மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். மூன்று மாதத்திற்கொருமுறை எடையும், ஆறு மாதத்திற்கொருமுறை உயரமும், அளவு மாற்றும்போதெல்லாம் நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வரவேண்டும். மார்வலியோ மயக்கமோ கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். முகம் கோணித் துடித்தாலும், பிள்ளை காரணமின்றி அழுது ஒடுங்கினாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வருஷத்திற்கொருமுறையாவது மருந்து இன்னும் அவசியந்தானா என்று டாக்டரையே கேட்டுவிடுவது நல்லது.

"இது போதை வஸ்துச் சட்டத்தில் அடங்கிய சரக்காயிற்றே" என்றொரு பயமும் உலவுகிறது. 1985ஆம் வருஷத்துச் சட்டத்தில் இது அடங்கியிருப்பது மெய். டாக்டர் சொன்ன அளவில் விழுங்கும் பிள்ளையைத் திருடனாக்குவதற்காக அல்ல. தேவையில்லாதவர்கள் அள்ளித் தின்று அடிமையாகாதபடிக்கே அந்தப் பூட்டு. ஆகவே வீட்டிலும் ஒரு பூட்டு இருக்கட்டும். மாத்திரையை எண்ணி வைக்கட்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறதென்று பக்கத்து வீட்டார் தங்கள் சுகமான பிள்ளைக்கு நாலு மாத்திரை கேட்டால், வெட்கமில்லாமல் இல்லை என்று சொல்ல வேண்டும்.

நமது தோழரைச் சென்ற வாரம் டாக்டரிடம் மறுபடி அனுப்பிவைத்தோம். அளவைக் குறைத்து, மத்தியான மாத்திரையை நிறுத்தி, பத்து நாளில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். பையனை அரிசி மண்டித் தராசில் நிறுத்ததில் 22 கிலோ. நோட்டின் முதல் வரி அதுதான். தாயத்து மட்டும் இன்னும் இடுப்பில் இருக்கிறதாம். பாட்டியம்மாளிடம் அதைப் பற்றிப் பேசத் தோழருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.