மாமாவின் கையெழுத்து நோர்வேயில் செல்லாது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஹவுகெட்டோ ஸ்டேசனில் இறங்கி, என்ர மருமகன் எங்கட வீட்டுக்கு வந்தான். கையில ஒரு பைல். தேத்தண்ணி குடிக்க முன்னமே விசயத்துக்கு வந்திட்டான்.

"மாமா, உங்களுக்குச் சொந்த வீடு இருக்கு, நிரந்தர வேலை இருக்கு. நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் அவளைக் கூப்பிடலாம்."

அவள் யாழ்ப்பாணத்தில் இருக்கிற அவனுடைய மனைவி. கலியாணம் முடிந்து எட்டு மாதம். நியூ ஜேர்சியில் இருக்கிற ஒரு சித்தப்பா கையெழுத்துப் போட்டு ஒரு சொந்தக்காரப் பெடியன் அங்கே போய்ச் சேர்ந்த கதை எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் தெரியும். அதை நம்பித்தான் இவனும் வந்திருக்கிறான்.

நான் சொன்னேன்: "கையெழுத்துப் போட எனக்கு ஒரு மறுப்பும் இல்லையடா. ஆனால் நோர்வேச் சட்டத்தில அப்பிடி ஒரு கையெழுத்தே இல்லை."

அமெரிக்காவில் கூப்பிடுகிறவரின் வருமானம் போதாவிட்டால் கூட்டு ஸ்பொன்சர் ஒருவர் சேரலாம். அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் காட்டோ உள்ளவராக, அங்கேயே வசிப்பவராக, 18 வயது கடந்தவராக இருந்தால் போதும். வருமானம், அரசின் வறுமைக் கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்து சும்மா மரியாதைக்குப் போடுவதில்லை. வந்தவர் குடியுரிமை எடுக்கும்வரை, அல்லது ஏறக்குறைய 10 வருட வேலைக் கணக்குச் சேரும்வரை பொறுப்பு தொடரும். தம்பதி விவாகரத்துச் செய்தாலும் அது போகாது. சித்தப்பா இதையெல்லாம் வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டாரோ தெரியாது.

நோர்வேயில் கதை வேறு. மனைவியைக் கூப்பிடுகிறவர் தன்ர வருமானத்தைத்தான் காட்ட வேண்டும். மாமாவின் சம்பளம், அக்காவின் சம்பளம் ஒன்றும் கணக்கில் வராது. வரப்போகும் வருமானத்தோடு போன வருட வரிக் கணக்கையும் பார்ப்பார்கள். கடந்த 12 மாதத்தில் நாவிடம் சமூக உதவிப் பணம் எடுத்திருந்தால் அதுவும் தடை.

2025 பெப்ரவரி 1 முதல் இந்த வருமான எல்லை 3.2 ஜி ஆக உயர்ந்தது. ஜி என்பது ஓய்வூதியம் முதலிய கொடுப்பனவுகளுக்கு அரசு பாவிக்கும் அடிப்படைத் தொகை. அது ஒவ்வொரு மே மாதமும் மாறும். 2025 மே மாதம் அது 130,160 குரோனர் ஆனது. 3.2 ஆல் பெருக்கினால் 416,512 குரோனர்.

மருமகன் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒப்பந்தம் 80 சதவீதம், வருடத்துக்கு 384,000 குரோனர். குறைவது 32,512. இந்தக் காசுக்காக இரண்டு பேர் இரண்டு நாட்டில் இருக்கினம்.

அரசின் நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. வருகிறவர் வந்த நாளிலிருந்தே அரசின் கையை எதிர்பார்க்கக் கூடாது என்கிறார்கள். சரி. ஆனால் ஒஸ்லோவில் வாடகை கட்டுகிறவருக்கும் பின்மார்க்கின் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் இருக்கிறவருக்கும் ஒரே எல்லை. பராமரிப்புத் துறையில் முழுநேர வேலை கேட்டும் கிடைக்காமல் பகுதிநேரமாகவே இருப்பவர்கள் எத்தனை பேர்! அதில் பெரும்பாலும் பெண்கள், எங்கட பிள்ளைகளும் இருக்கினம். வேலைகொடுப்பவர் தராத 20 சதவீதத்துக்கு இவர்களின் குடும்பம் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? இதை எங்கட சங்கங்களும், எங்களிடம் வாக்குக் கேட்டு வருகிற அரசியல்வாதிகளும் வாய் திறந்து பேச வேண்டும்.

இன்னொரு விசயம். பைலை மூடிவிட்டு மருமகன் மெல்லக் கேட்டான்: "தெரிஞ்ச கடைக்காரர் ஒராள் சம்பளத் துண்டு எழுதித் தரலாம் எண்டவர். வரியை நான் கட்டினால் சரியாம்."

உண்மையைச் சொன்னால் ஒரு நிமிசம் நானும் யோசித்தேன். சீட்டுக் காசு, அடகு வைத்த காப்பு, அண்ணன்மாரின் கைமாற்று என்று எல்லாரும் சேர்ந்து தூக்கிவிட்டுத்தான் எங்கட தலைமுறை இங்கே வந்தது. ஒருவருக்குக் குறைந்தால் இன்னொருவர் நிரப்புவது எங்களுக்குப் பழக்கம். ஆனால் இது நிரப்புவதில்லை, பொய். செய்யாத வேலைக்குச் சம்பளத் துண்டு காட்டிப் பிடிபட்டால் அந்தப் பிள்ளையின் விசா பறிபோகலாம், பிறகு வந்த வருடங்களும் வீணாகும். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போனது.

பிறகு அவன்ர வேலை நேரக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். ஒப்பந்தம் 80 சதவீதம் என்றாலும், மற்றவர்களுக்குச் சுகமில்லாத நாட்களில் அவன்தான் ஓடி ஓடிப் போய் நின்றிருக்கிறான். நோர்வேயின் வேலைச்சூழல் சட்டம் 14-4அ என்ன சொல்கிறதென்றால், கடந்த 12 மாதமாக ஒப்பந்தத்தை விடக் கூடுதலாக ஒழுங்காக வேலை செய்த பகுதிநேரத் தொழிலாளி, உண்மையாகச் செய்த அளவுக்கேற்ற பதவி வீதத்தைக் கேட்கலாம். இந்த உரிமை 2014 முதல் இருக்கிறது. மருமகனுக்குத் தெரியாது. இரண்டாம் தலைமுறையில பலருக்கே தெரியாது. இரண்டு பேரும் இருந்து தொழிற்சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். கிடைக்குமோ தெரியாது. கிடைத்தால் அந்த 32,512 தானாக நிரம்பும்.

பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுகிற பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். சாதகம் பார்க்கிறியள், மண்டபம் பார்க்கிறியள். அதுக்கு முன்னம் வேலை ஒப்பந்தத்தையும் போன வருட வரிக் கணக்கையும் மேசையில வைத்துப் பாருங்கோ. போதாது என்றால் பெண் வீட்டுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கோ. "கலியாணம் முடிஞ்ச கையோட கூப்பிடுவார்" என்ற வார்த்தையை நம்பி அங்கே ஒரு பிள்ளை மாதக்கணக்காகக் காத்திருக்கிறாள்.

போகும்போது மருமகன் வாசலில் நின்று கேட்டான்: "அவள் இரவைக்கு எடுப்பாள் மாமா. என்ன சொல்ல?"

"கணக்கை உள்ளபடி சொல்லடா," என்றேன்.