பழைய கணினியில் உறங்கும் தமிழ்

தாத்தாவின் பழைய மடிக்கணினியில், வன்தட்டை அழிக்காமல் விண்டோஸ் 98-ஐ மீண்டும் இயக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. "புதியது இருக்க, இது எதற்கு?" என்று ஷா ஆலம் நண்பர்கள் சிரித்தார்கள்.

குறுந்தட்டில் இருந்த தாத்தாவின் கட்டுரைகள் என் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன. யூனிகோட் பரவுமுன், ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களில்தான் தமிழ் எழுத்துகளைப் பொருத்தினார்கள். அந்த எழுத்துரு இல்லையேல் கோப்பு இருந்தும் பயனில்லை. பழைய கணினி உயிர்பெற்றதும் தாத்தா தம் கட்டுரையை வாய்விட்டுப் படித்தார்.

1985-லேயே முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கிய நாடு இது. அக்காலத் தமிழ்க் கோப்புகளைக் குப்பைக்கு அனுப்பலாமா? மாணவர்களே, வீட்டிலும் தமிழ்ப்பள்ளியிலும் பழைய கணினியை வீசுமுன் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். எழுதியவர் அருகில் இருக்கும்போதே செய்யுங்கள்.