கோட்டுக்கு மதிப்பெண் உண்டா?

தில்லி ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸ் வாசலில் ஆண்டுதோறும் நேர்காணல் காலத்தில் ஒரே காட்சியைக் காணலாம். சான்றிதழ் கோப்பை மார்போடு அணைத்தபடி இளைஞர்கள் வரிசையில் நிற்பார்கள். உள்ளே மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (யு.பி.எஸ்.சி.) நேர்முகத் தேர்வு நடக்கும். நிற்பவர்களில் பலருடைய கோட் அந்த ஒரு நாளுக்காகவே வாங்கப்பட்டது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். தோள்பட்டைத் தையல் கைக்கு இறங்கியிருக்கும். சட்டைக் கழுத்துக்கும் கோட்டின் கழுத்துக்கும் இடையே இடைவெளி தெரியும். காலில் இருப்பது புதிய ஷூ என்பதை நடையே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த உடையை யார் கேட்டார்கள்? தேர்வாணையம் கேட்கவில்லை. குடிமைப் பணித் தேர்வுக்கான அறிவிக்கையில் பாடத்திட்டம், வயது வரம்பு, மருத்துவத் தகுதி எனப் பலவும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. நேர்முகத் தேர்வுக்குக் கோட் அணிய வேண்டும் என்று எங்கும் இல்லை. பொதுப் பணிக்கு விண்ணப்பதாரர் ஏற்றவரா என்பதை நடுநிலையான குழு மதிப்பிடும் என்பதும், குறுக்கு விசாரணைபோல் அல்லாமல் இயல்பான உரையாடலாக அது நடக்கும் என்பதும்தான் அறிவிக்கையின் சாரம். உடை பற்றி அது மௌனம் சாதிக்கிறது. அந்த மௌனத்தில்தான் வியாபாரம் புகுந்திருக்கிறது.

ராஜேந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தாத பயிற்சி மையம் இல்லை. கேள்வி கேட்டு முடித்ததும் உடையைப் பற்றியும் ஒரு கருத்துச் சொல்லி அனுப்புகிறார்கள். கருநீலம்தான் உகந்தது என்பார் ஒருவர். கழுத்து மூடிய பந்த்கலாதான் அதிகாரிக்கு அழகு என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் டையின் அகலத்தைக் குறை சொல்வார். மூன்று மாதிரித் தேர்வுகளுக்குச் சென்று வந்த இளைஞர் குழப்பத்துடன் கரோல்பாக் கடைவீதியில் நிற்பார். நேர்முகத் தேர்வுக்கான மதிப்பெண் 275. முதன்மைத் தேர்வின் 1,750-உடன் சேர்த்து மொத்தம் 2,025. ஓரிரு மதிப்பெண் வித்தியாசத்தில் பணியே மாறிப்போகும் போட்டி இது. 2024-ஆம் ஆண்டுத் தேர்வில் இறுதியாகத் தேர்வு பெற்றவர்கள் 1,009 பேர். அதற்கு முந்தைய ஆண்டில் 1,016 பேர். இப்படிப்பட்ட நிலையில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று விலை சொன்னால் மறுத்துப் பேசும் துணிவு யாருக்கு வரும்?

இத்தனைக்கும் இந்தத் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய்தான். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. நேர்முகத் தேர்வுக்கு வருவோருக்கு ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கைக் கட்டணத்தை ஆணையமே திருப்பித் தருகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பணம் தடையாகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் உருவான ஏற்பாடுகள் இவை. படுக்கை வகுப்பில் வந்து இறங்குபவர், பயணச் செலவைப்போலப் பல மடங்கை ஒரு கோட்டுக்குக் கொடுக்கிறார் என்றால் அந்த நல்லெண்ணம் பாதி வழியில் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

அதற்காக, கோட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2024-ஆம் ஆண்டுத் தேர்வுக்கான நேர்காணல்கள் 2025 ஜனவரி 7 முதல் ஏப்ரல் 17 வரை நடந்தன. ஜனவரி காலையில் மூடுபனியில் நடுங்கிக்கொண்டு வரும் தென்னாட்டு இளைஞருக்குக் கோட் என்பது அலங்காரம் அல்ல, அவசியம். ஏப்ரலிலோ அதே கம்பளித் துணி வியர்வையில் உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே, எந்த மாதம் என்று தெரிந்த பிறகே துணி வாங்க வேண்டும். ஏப்ரலில் அழைக்கப்பட்டவருக்கு வெளிர் நிற முழுக்கைச் சட்டை, கருநிறக் கால்சட்டை, விரும்பினால் ஒரு டை போதுமானது.

கோட் வாங்கத்தான் வேண்டும் என்றால் பணம் எங்கே போக வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். விலை உயர்ந்த துணியை விட அளவே முக்கியம். சாதாரண டெரிவுல் துணியில் உடலுக்குப் பொருந்தத் தைத்த கோட், பெரிய நிறுவனத்தின் பொருந்தாத கோட்டை விட நூறு மடங்கு மேல். ஆயத்தக் கோட்டைப் போட்டுப் பார்க்கும்போது முதலில் தோளைப் பார்க்க வேண்டும். தோள்தையல் தோள் முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கைநீளத்தைக் குறைக்கலாம், கால்சட்டையை மடித்துத் தைக்கலாம். தோளைத் திருத்துவது மட்டும் கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். 'சரி செய்து தருகிறோம்' என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. கை நீட்டினால் சட்டையின் கைப்பட்டி அரை அங்குலம் வெளியே தெரிவது சரியான நீளம். மார்புப் பகுதியில் உள்துணியைப் பசைவைத்து ஒட்டிய மலிவான கோட்டுகள் இரண்டு மூன்று சலவைக்குப் பிறகு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒரு நாள் தேவைக்கு அது பெரிய குறையல்ல; பணியில் சேர்ந்த பிறகும் அணிய நினைப்பவர் யோசிக்க வேண்டும்.

நிறத்தில் கருநீலமோ கரும்சாம்பலோ எங்கும் செல்லும். முழுக் கறுப்பை அணிந்து தில்லியில் நடந்தால் பாட்டியாலா நீதிமன்றத்துக்கு வழி கேட்பவர்கள்தான் வந்து சேர்வார்கள்.

தைத்துக்கொள்வதாக இருந்தால், சராசரி உடல்வாகு உள்ளவருக்குக் கோட்டுக்கும் கால்சட்டைக்கும் சேர்த்து மூன்றேகால் மீட்டர் துணி போதும். கன்னாட் பிளேஸை ஒட்டிய சங்கர் மார்க்கெட்டிலும், சாந்தினி சௌக் கடைகளிலும் மீட்டர் கணக்கில் பேரம் பேசி வாங்கலாம். தையலில்தான் ஓர் ஆபத்து இருக்கிறது. மகர சங்கராந்தி முடிந்ததும் வட இந்தியாவில் திருமணப் பருவம் தொடங்கிவிடும். மாப்பிள்ளைகளின் கோட்டுக்கு நடுவே மாணவரின் கோட் சிக்கிக்கொண்டால், சொன்ன தேதிக்குக் கிடைக்காது. சொந்த ஊரிலேயே தைத்து, ஒரு முறை போட்டுப் பார்த்து, திருத்திக்கொண்டு ரயில் ஏறுவதே புத்திசாலித்தனம். ஊரில் உள்ள தையற்காரர் கல்யாணக் கோட் தைத்துப் பழகியவர்தான். மினுமினுப்பு வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கைத்தறிச் சேலையோ பருத்திச் சல்வாரோ போதும் என்பதில் மாதிரித் தேர்வுக் குழுக்களுக்குள்ளேயும் பெரிய சண்டை இல்லை. கோட்டையும் டையையும் ஏற்க மனமில்லாத ஆண்களுக்குக் கதர் பவனில் கிடைக்கும் கழுத்து மூடிய மேலாடை ஒரு நல்ல மாற்று.

ஷூ விஷயத்தில் சிக்கனம் வேறு விதமானது. கோட்டில் மிச்சம் பிடித்ததைக் காலில் செலவிடுவதில் தவறில்லை. ரெக்சின் ஷூ கடையில் தோலை விடப் பளபளக்கும். சில மாதங்களில் விரல் மடியும் இடத்தில் வெடித்துவிடும். கயிறு கட்டும், வேலைப்பாடு இல்லாத கறுப்புத் தோல் ஷூ ஒரு ஜோடி இருந்தால் நேர்காணல், பயிற்சி, பணி என நான்கைந்து ஆண்டுகள் உழைக்கும். தில்லிச் சந்தைக்கு ஆக்ராவிலிருந்து வந்து குவிகின்றன. தமிழக இளைஞர்களுக்கோ ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கின்றன. அயல்நாடுகளுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஊர்களை விட்டுவிட்டுத் தில்லிக்கு வந்து தேடுவானேன்? மாலை நேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்க வேண்டும். நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் ஒரு மணி நேரம் அணிந்து நடந்து பழக வேண்டும். குதிகாலில் கொப்புளத்தோடு குழுவின் முன் அமர்ந்தால் அயலுறவுக் கொள்கை பற்றிய கேள்விக்குப் பதில் வராது.

அரசின் வரியும் இந்தச் செலவில் குறுக்கிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு வரி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். முன்பு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைகளுக்கு 12 சதவீதமாக இருந்தது. சாதாரணச் சட்டை வாங்குவோருக்கு இது நன்மை. ஆனால் 2,500 ரூபாய்க்குள் ஆயத்தக் கோட் எங்கே கிடைக்கும்? வரிக்கு முன் 6,000 ரூபாய் விலையுள்ள ஒரு கோட்டுக்கு முன்பு 720 ரூபாய் வரி. இப்போது 1,080 ரூபாய். சொகுசு உடை வாங்குபவரையும் வேலை தேடி முதல் கோட் வாங்குபவரையும் இந்த வரம்பு ஒரே தட்டில் வைத்துவிட்டது. ஷூவில் கதை தலைகீழ். 2,500 ரூபாய் வரை 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், 2,400 ரூபாய் ஷூவுக்கு முன்பு கட்டிய 432 ரூபாய் வரி இப்போது 120 ரூபாயாகிவிட்டது. துணிக்கு 5 சதவீத வரிதான். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்கு உள்பட்ட சிறு தையற்காரர் பதிவு செய்யவே தேவையில்லை. துணி எடுத்துத் தைப்பதே மலிவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோட்டும் ஷூவும் சேர்த்து ஏழெட்டாயிரம் ரூபாய்க்குள் முடித்துக்கொள்ள முடியும். அதற்கு மேல் கேட்பவர்கள் அச்சத்துக்கு விலை கேட்கிறார்கள்.

அந்த அச்சம் முழுக்கக் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. அதிகாரியான பிறகும் உடைக்காகத் தலைகுனிய நேர்ந்தவர்கள் உண்டு. 2015 மே மாதம் பிரதமரை வரவேற்கச் சென்ற பஸ்தர் மாவட்ட ஆட்சியருக்கு, கறுப்புக் கண்ணாடி அணிந்ததற்காகவும் உரிய உடையில் வராததற்காகவும் சத்தீஸ்கர் அரசு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2022 ஜூனில் கோட் அணியாமல், கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டு வந்த மூத்த ஐஏஎஸ் அதிகாரியைப் பாட்னா உயர் நீதிமன்ற நீதிபதி கடிந்துகொண்ட காட்சி நாடெங்கும் பரவியது. முதன்மைச் செயலருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன கதி என்று தேர்வர் நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அரசு அதிகாரிகளை நீதிமன்றங்கள் நேரில் அழைப்பது குறித்து 2024 ஜனவரி 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. நேரில் வரும் அதிகாரியின் தோற்றம், கல்வி, சமூகப் பின்னணி பற்றி நீதிமன்றம் கருத்துச் சொல்லக் கூடாது. அவருடைய பதவிக்கென்று வரையறுக்கப்பட்ட உடை விதி மீறப்பட்டால் ஒழிய உடை பற்றிய விமர்சனத்தையும் தவிர்க்க வேண்டும் என்று அது கூறியது. விதி இருந்தால் எழுதி வை, எழுதாததை எதிர்பார்க்காதே என்பதே இதன் பொருள்.

பணியில் இருப்பவருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, பணிக்கு வர விரும்புபவருக்கு ஏன் இல்லை? நேர்முகத் தேர்வுக்கான அழைப்புக் கடிதத்தில் என்னென்ன சான்றிதழ்களைக் கொண்டுவர வேண்டும் என்பது வரிசையாகக் குறிப்பிடப்படுகிறது. அதே கடிதத்தில் இரண்டு வரி சேர்ப்பது ஆணையத்துக்குப் பெரிய வேலை அல்ல. தூய்மையான, பருவத்துக்கு ஏற்ற எந்த உடையும் ஏற்கப்படும். கோட், டை கட்டாயமில்லை. உடைக்கு மதிப்பெண் இல்லை என்று அச்சிட்டால் போதும். குழுவில் அமரும் பெரியவர்கள் கோட்டைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. அப்படிப் போடுவதில்லை என்றால் அதைச் சொல்வதில் என்ன தயக்கம்?

மக்களவையில் உறுப்பினர்கள் இன்ன உடையில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேட்டியும் குர்தாவும் கோட்டும் ஒரே வரிசையில் அமர்ந்துதான் நாட்டுக்குச் சட்டம் இயற்றுகின்றன. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போகிறவர் மட்டும் இரவல் கோட்டில் நடுங்க வேண்டும் என்பது விசித்திரம். அரசமைப்புச் சட்டத்தின் 323-ஆவது பிரிவின்படி ஆணையத்தின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகிறது. பணியாளர் நலத் துறைக்கான நிலைக்குழுவும் இருக்கிறது. கேட்க விரும்பும் உறுப்பினருக்கு வழிகள் திறந்தே உள்ளன.

முதன்மைத் தேர்வின் முடிவுகள் வழக்கமாக நவம்பரிலோ டிசம்பரிலோ வெளியாகும். அழைப்புக் கடிதங்கள் அதன் பிறகே தேர்வர் கைக்கு வருகின்றன; கடைவீதியில் கூட்டமும் அப்போதுதான் தொடங்குகிறது. அந்த இரண்டு வரிகள் சேர வேண்டிய இடம் அந்தக் கடிதம்.